ஒரு கஸ்டமர் என்ன விலை?

பதினாறு வயசுப் பையன். மதுரையிலிருந்து வீட்டில் ஒரு சீட்டு மட்டும் எழுதி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டான். கையிலிருந்த காசு பாதி வழியிலேயே தீர்ந்து போச்சு. திருக்கோவிலூர் பக்கத்தில் கீழூர் என்ற ஊரில், ஒரு பாகவதர் வீட்டில் காதுக் கடுக்கனைக் கழற்றிக் கொடுத்து 4 ரூபாய் வாங்கிக்கொண்டான். சுமார் 20 ரூபாய் பெறுமானமுள்ள கடுக்கன். அடகுக்கு எழுதிக் கொடுத்த ரசீதைக் கிழித்துப் போட்டுவிட்டான். ரயிலேறி 1896 செப்டம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலையில் இறங்கினான். மிச்சமிருந்த மூன்று ரூபாய்ச் சொச்சத்தையும் அய்யங்குளத்தில் எறிந்தான். அதற்குப் பிறகு பணத்தைக் கையாலேயே தொடவில்லை. அந்தப் பையனைத்தான் உலகம் பிறகு ரமண மகரிஷி என்று கும்பிட்டது.

அவருக்கு அந்த ரசீது தேவைப்படவில்லை. உங்களுக்குத் தேவைப்படும் பாஸ்!

ஏன் என்று கேட்கிறீர்களா? ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நீங்கள் பி.காம். கடைசி வருஷம். கேம்பஸ் இன்டர்வியூவில் பெயர் வரவில்லை. 'எவன்கிட்டயும் கைகட்டி நிக்க வேணாம், சொந்தமா ஒரு டிபன் கடை போடலாம்' என்று ஒரு யோசனை. இடம், அதே திருவண்ணாமலை, செங்கம் ரோடு, ரமணாசிரமம் பக்கம். முதல்? அம்மாவின் கழுத்துச் சங்கிலி. அடகு வைத்ததில் 60,000 ரூபாய் வருகிறது. கடை அட்வான்ஸ் 25,000. அடுப்பு, பாத்திரம், நாலு பெஞ்ச் சேர்த்து 20,000. மிச்சம் 15,000. இதில் மாவு, காய்கறி, கேஸ் எல்லாம் பார்க்கணும். விளம்பரமும் இதில்தான்.

இந்தப் பதினைந்தாயிரம் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்பதில்தான் அந்தச் சங்கிலி திரும்பி வருமா, ஏலத்துக்குப் போகுமா என்பது இருக்கிறது. ஏனென்றால் சின்ன வியாபாரத்தில் பல பேர் கையைச் சுட்டுக்கொள்வது சரக்கில் இல்லை. ஆளைக் கடைக்குள் வரவைக்கிற செலவில். எம்.பி.ஏ. படிக்கிற உங்க சீனியர் இதை 'கஸ்டமர் அக்விசிஷன் காஸ்ட்' என்பார், சுருக்கமாக சி.ஏ.சி. நாம் 'ஆள் பிடிக்கிற செலவு' என்றே வைத்துக்கொள்வோம். கணக்கு ரொம்ப சிம்பிள். ஆள் பிடிக்கச் செலவழித்த மொத்தப் பணத்தை, அதனால் வந்த புதுக் கஸ்டமர்களின் எண்ணிக்கையால் வகுக்கணும். அவ்வளவுதான். ஆறாங் கிளாஸ் கணக்கு. ஆனால் இதைப் போட்டுப் பார்க்கிற கடைக்காரரை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பௌர்ணமிக் கூட்டமும் பிட் நோட்டீஸும்

கடை திறந்ததும் முதலில் என்ன தோன்றும்? 'பௌர்ணமிக்கு லட்சக்கணக்குல ஜனம் வருதுடா! அதுல ஆயிரத்துல ஒருத்தன் வந்தாக்கூட போதும்!' இந்த 'ஆயிரத்துல ஒருத்தன்' கணக்கு இருக்கிறதே, அதைப்போல ஆளைக் கவிழ்க்கிற கணக்கு வேறில்லை.

சரி, 5,000 பிட் நோட்டீஸ் அடிக்கிறீர்கள். நின்று விநியோகிக்க இரண்டு பசங்களுக்குக் கூலி. மொத்தச் செலவு 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நோட்டீஸைப் பார்த்துவிட்டு 40 பேர் வருகிறார்கள். ஆக, ஒரு ஆளைப் பிடித்த செலவு 100 ரூபாய். உங்க பிளேட் விலை 40 ரூபாய். அரிசி, உளுந்து, கேஸ் எல்லாம் போக நிற்பது 15 ரூபாய். வாடகைகூட இந்தப் பதினைந்தில்தான் வரணும். 100 ரூபாய் கொடுத்துப் பிடித்த ஆள், 15 ரூபாய் கொடுத்துவிட்டு மலையைச் சுற்றப் போய்விட்டார். அவர் ஊர் சேலமோ, சித்தூரோ. அடுத்து எப்போது வருவாரோ, அந்த அண்ணாமலையாருக்கே வெளிச்சம். ஆளுக்கு 85 ரூபாய் நஷ்டம். நாற்பது பேருக்கு 3,400. அன்றைக்கு ராத்திரி கடையில் கூட்டம் நிறைந்து இருந்ததே என்று நீங்கள் சந்தோஷமாக ஷட்டரை இறக்கியிருப்பீர்கள்!

இன்னொரு விஷயம். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். மலை வலது கைப்பக்கம் இருக்கிற மாதிரி சுற்றணும். பெரும்பாலான ஜனம் கோயில் பக்கமிருந்து தொடங்கும். முதலில் இந்திர லிங்கம், அடுத்து அக்னி லிங்கம், அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரமணாசிரமம். அதாவது ஆட்கள் உங்க கடையைக் கடக்கும்போது இரண்டு, மூன்று கிலோமீட்டர்தான் நடந்திருக்கிறார்கள். கால் வலிக்கவில்லை, பசிக்கவில்லை. இன்னும் பத்துக்கு மேல் பாக்கி. கையில் பார்சலைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு யார் நடப்பார்? இதே கடை குபேர லிங்கம் பக்கம் இருந்தால் கதை வேறு. அங்கே வரும்போது முக்கால் சுற்று முடிந்திருக்கும், எங்கேயாவது உட்கார்ந்தால் தேவலை என்று இருக்கும். அதுவும் போக, பௌர்ணமி அன்றைக்கு வழியெல்லாம் அன்னதானம் வேறு நடக்கும். சுடச்சுட சாம்பார் சாதத்தை இலவசமாகக் கொடுக்கிறவரோடு எந்த நோட்டீஸ் போட்டி போட முடியும்?

மலை கூட்டத்தைச் சும்மா கூட்டிக்கொண்டு வந்து உங்க வாசலில் விடுகிறது, வாஸ்தவம்தான். ஆனால் அது உங்க கூட்டம் இல்லை.

அதே நூறு ரூபாய்

செங்கம் ரோட்டில் பௌர்ணமி இல்லாத ஒரு நாள் காலையில் நின்று பாருங்கள். வேறொரு ஜனம் கண்ணில் படும். காட்டன் துணியும் ஜோல்னாப் பையுமாக வெளிநாட்டுக்காரர்கள். வங்காளத்திலிருந்தோ கேரளாவிலிருந்தோ வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கிற ரிட்டயர்டு வாத்தியார்கள். ஆசிரமத்தில் தங்க முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கணும், அதுவும் சில நாட்களுக்குத்தான். அதற்கு மேல் இருக்க நினைக்கிறவர்கள் பக்கத்துத் தெருக்களில் வீடு, அறை பிடித்துக்கொள்கிறார்கள். நவம்பர், டிசம்பரில் வர ஆரம்பித்தால் பிப்ரவரி, மார்ச் வரைக்கும். ஒரு மாசம், இரண்டு மாசம், சிலர் சீசன் முழுக்க.

இப்போது கணக்கை மாற்றிப் போடுங்கள். பக்கத்துத் தெருவில் அறை வாடகைக்கு விடுகிற அம்மாவிடம் போகிறீர்கள். 'அக்கா, உங்க வீட்டுக்குப் புதுசா யாராவது வந்தா மொத நாள் டிபன் நம்ம கடையில ஃப்ரீ. நீங்க சொன்னீங்கன்னு சொன்னா போதும்.' அந்த அக்காவுக்கும் நல்ல பெயர். நாலு பேர் இப்படி வந்து சாப்பிடுகிறார்கள். பிளேட்டுக்கு உங்க அடக்கம் 25 ரூபாய், நாலு பிளேட் 100 ரூபாய். அதில் மூணு பேருக்கு உங்க சாம்பார் காரம், திரும்ப வரவில்லை. ஒருத்தருக்குப் பிடித்துப்போச்சு. ஆக, ஒரு ஆளைப் பிடித்த செலவு 100 ரூபாய்.

அதே நூறு! ஆனால் இந்த ஆள் இரண்டு மாசம் தினமும் ஒரு வேளை உங்க கடையில்தான் சாப்பிடுகிறார். 60 நாள், நாளுக்கு 15 ரூபாய், 900 ரூபாய். நூறு போக 800 கையில்.

நோட்டீஸுக்குக் கொடுத்த நூறும் இந்த நூறும் ஒண்ணுதான். ஒரு நூறு ஓட்டைப் பானை, இன்னொரு நூறு வட்டிக்கு விட்ட மாதிரி. அதனால்தான் 'ஆள் பிடிக்கிற செலவு அதிகமா, கம்மியா?' என்று தனியாகக் கேட்டால் பதிலே கிடையாது. பிடிக்கிற ஆள் யார், எத்தனை தடவை வருவார் என்று சேர்த்துக் கேட்கணும். பிசினஸ் புத்தகங்களில் இதற்கு 'லைஃப்டைம் வேல்யூ' என்று ஒரு பெயர். நம்ம ஊர் மளிகைக் கடை அண்ணாச்சிக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனால் குழந்தை வந்து சர்க்கரை வாங்கினால் கையில் ஒரு பொட்டுக்கடலை உருண்டை ஏன் கொடுக்கணும் என்று நன்றாகவே தெரியும்.

நாலாயிரத்தையும் இந்த வழியில் போட்டால் நாற்பது வாடிக்கை, முப்பத்திரண்டாயிரம் லாபம் என்று உடனே கால்குலேட்டரைத் தட்டாதீர்கள். அத்தனை பேர் கிடைக்க மாட்டார்கள். பத்து பேர் கிடைத்தாலே பெரிய விஷயம். ஆனால் அந்தப் பத்து பேருக்கு ஆயிரம் ரூபாய்தான் செலவு. மிச்சம் மூவாயிரம் மாவுக்கும் கேஸுக்கும் இருக்கும்.

கடலூரில் ஒருத்தர் செய்தது

'இதெல்லாம் பெட்டிக்கடைக் கணக்கு. பெருசா வளர்ந்தவங்க இப்படியா பண்ணாங்க?' என்று உங்க பக்கத்து பெஞ்ச் நண்பர் கேட்பார். அவருக்காகத் திருவண்ணாமலையிலிருந்து கிழக்கே, விழுப்புரம் தாண்டிக் கடலூர் வரைக்கும் ஒரு நடை போய் வருவோம்.

கடலூரில் சின்னிகிருஷ்ணன் என்று ஒருத்தர் இருந்தார். பணக்காரர் வீட்டில் இருக்கிற பொருளைக் கூலிக்காரரும் வாங்க முடியணும் என்பது அவர் கட்சி. பவுடரையும் உப்பையும் குட்டிக் குட்டிப் பாக்கெட்டில் போட்டுப் பார்த்தவர். ஷாம்பு சாஷே என்ற யோசனைக்கும் முன்னோடி. அவர் மகன் சி.கே.ரங்கநாதன். அப்பா காலமான பிறகு, அண்ணன்களின் கம்பெனியிலிருந்து விலகி, 1983-ல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொடங்கினார். கவனியுங்கள், நம்ம கதையில் மிச்சமிருக்கிற அதே பதினைந்தாயிரம். (அந்தக் காலத்துப் பதினைந்தாயிரம் என்பதையும் மறக்க வேண்டாம்.) ஷாம்புவுக்கு அப்பா பெயரிலிருந்தே பெயர் எடுத்தார்: சிக்.

எதிரில் பெரிய கம்பெனிகள். டி.வி. விளம்பரம் போட வசதி கிடையாது. கிராமத்தில் முக்கால்வாசிப் பேர் சீயக்காய், அரப்பு. ஷாம்புவை எப்படிப் போடுவது என்றே தெரியாது. இவருடைய ஆட்கள் ஊர் ஊராகப் போய், ஒரு பையனை உட்காரவைத்து, எல்லார் முன்னாலும் தலைக்குத் தேய்த்துக் குளிப்பாட்டி, 'தொட்டுப் பாருங்க, மோந்து பாருங்க' என்றார்கள். ரஜினி படம் போட்டு, நடுவில் விளம்பரம் காட்டி, படம் முடிந்ததும் சாம்பிள் கொடுத்தார்கள். தெரியாத சாமானைத் தெரியவைக்கிற செலவு இது. தவிர்க்க முடியாது.

அடுத்து அவர் செய்ததுதான் நாம் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய வேலை. 'எந்தக் கம்பெனி ஷாம்புவாக இருந்தாலும் சரி, ஐந்து காலி சாஷே கொண்டு வாங்க. ஒரு சிக் சாஷே இலவசம்!'

எவனோ தயாரித்த ஷாம்புவின் காலிக் கவரை எதற்கு வாங்கணும்? நன்றாக யோசியுங்கள். தெருவில் போகிற வருகிறவருக்கெல்லாம் சாம்பிள் கொடுத்தால், அதில் பாதிப் பேர் ஷாம்புவே போடாதவர்கள். ஐந்து காலிக் கவர் வைத்திருக்கிறவர் யார்? காசு கொடுத்து ஐந்து தடவை ஷாம்பு வாங்கின வீட்டுக்காரர். அந்தப் பழக்கத்தை உண்டாக்க ஆன விளம்பரச் செலவு முழுக்கப் போட்டிக் கம்பெனிகளுடையது. இவருக்கு ஆன செலவு ஒரு சாஷேயின் தயாரிப்பு அடக்கம் மட்டும். குப்பையில் பொறுக்கிக் கொண்டுவந்த வாண்டுகளும் இருந்திருக்கலாம். இருந்தால் என்ன, அவங்க அம்மா தலைக்குத்தானே போகும்!

ஜனம் பழகினதும் திட்டத்தைச் சத்தமில்லாமல் மாற்றினார். இனிமேல் ஐந்து காலி சிக் சாஷேக்குத்தான் ஒரு சிக் இலவசம். முதல் கட்டம் அடுத்தவன் கஸ்டமரை அழைத்துவர, இரண்டாம் கட்டம் வந்தவரைப் போகாமல் பார்த்துக்கொள்ள. மாசம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சத்துக்குப் போனது என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். மல்லிகை, ரோஜா வாசனைகள் வந்தபோது 30 லட்சம். அதற்குப் பிறகுதான் நடிகை அமலாவை வைத்து விளம்பரம், மாசம் ஒரு கோடி. வரிசையைக் கவனித்தீர்களா? சினிமா ஸ்டார் கடைசியில் வருகிறார். நாம் கடை திறப்புக்கே சீரியல் நடிகையைக் கூப்பிடலாமா என்று யோசிப்போம்! அந்தக் கம்பெனிதான் 1998-ல் கெவின்கேர் ஆனது.

தலைகீழாகச் செய்து தலைகுப்புற விழுந்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் பெட்ஸ் டாட் காம் என்று நாய், பூனை சாமான்களை இன்டர்நெட்டில் விற்ற கம்பெனி. 1999-ல் முதல் எட்டு மாசத்தில் ஆறு லட்சம் டாலர் சொச்சத்துக்கு விற்க, விளம்பரத்துக்கு ஒரு கோடியே பதினெட்டு லட்சம் டாலர் இறைத்தது. அடுத்த வருஷம் ஜனவரியில் சூப்பர் பவுல் ஃபுட்பால் மேட்ச் நடுவே டி.வி. விளம்பரம். ஊரெல்லாம் அதன் துணிப் பொம்மை நாய் பிரபலம். நவம்பரில் கடையை மூடியாச்சு.

அதே காலத்தில் அதே அமெரிக்காவில் நம்ம சபீர் பாட்டியா, நண்பர் ஜாக் ஸ்மித்தோடு சேர்ந்து 1996-ல் ஹாட்மெயில் தொடங்கினார். ஹாட்மெயிலில் இருந்து போகிற ஒவ்வொரு மெயிலின் அடியிலும் 'உங்களுக்கும் இலவச இ-மெயில் வேண்டுமா?' என்கிற தோரணையில் ஒரு வரி. அவ்வளவுதான். ஒன்றரை வருஷத்தில் 1 கோடியே 20 லட்சம் பேர் சேர்ந்தார்கள். விளம்பரச் செலவு 5 லட்சம் டாலருக்கும் கீழே. வகுத்துப் பாருங்கள், தலைக்கு நாலு சென்ட்தான் வருகிறது. ஒருத்தர் பொருளைப் பயன்படுத்துகிற அதே வேலை, அடுத்தவருக்கு விளம்பரமும் ஆகிறது. 1997 கடைசியில் மைக்ரோசாஃப்ட் வந்து வாங்கிக்கொண்டது.

உங்க டிபன் கடையில் மெயில் எங்கே வந்தது என்கிறீர்களா? பார்சல் இருக்கே! வாடகை வீட்டில் நாலு பேர் தங்கியிருக்கிறார்கள். ஒருத்தர் இட்லி பார்சல் வாங்கிப் போகிறார். மற்ற மூணு பேர் கண் முன்னால் பொட்டலம் பிரிகிறது, சட்னி வாசனை வருகிறது. அந்தப் பையின் மேல் கடைப் பெயரும், எந்தச் சந்து, எதற்கு எதிரில் என்பதும் ஒரு ரப்பர் ஸ்டாம்ப்பில் குத்தியிருந்தால் போதும். ஸ்டாம்ப் ஒரு தடவைச் செலவு.

ஆட்டோ அண்ணனும் கமிஷனும்

ஆள் பிடிக்கிற செலவுக்குக் கோயில் ஊர்களில் இன்னொரு பழைய பெயர் உண்டு. கமிஷன். ஆட்டோக்காரர் லாட்ஜுக்கு ஆளை இறக்கிவிட்டால் இத்தனை என்று. நோட்டீஸைவிட இதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆள் வந்தால்தான் காசு. ஆனால் 15 ரூபாய் நிற்கிற டிபனில் 10 ரூபாய் கமிஷன் கொடுத்தால் என்ன ஆகும்? சாம்பாரில் பருப்பு குறையும். அப்புறம் சாம்பாரே ஆளை விரட்டிவிடும். டிபன் கடைக்குக் கமிஷன் கூடாது என்பது என் கட்சி.

அறை வாடகை வேறு. இப்போதெல்லாம் ஹோட்டல் புக்கிங் வெப்சைட்கள்தான் அந்த ஆட்டோ. பொதுவாக 15 சதவீதத்தை ஒட்டி எடுத்துக்கொள்வார்கள். ஆயிரம் ரூபாய் அறைக்கு 150. ஊர் பேர் தெரியாத ஆளை உங்க வாசலுக்குக் கொண்டுவருகிறார்கள், கொடுக்கலாம், தப்பில்லை. தப்பு எங்கே நடக்கிறது தெரியுமா? ரமணாசிரமத்துக்கு வருகிறவர்களில் வருஷா வருஷம் வருகிறவர்கள் நிறைய. அந்த ஆள் இரண்டாவது வருஷமும் அதே வெப்சைட் வழியாக வந்தால், ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கின கஸ்டமரை மறுபடியும் விலை கொடுத்து வாங்குகிறீர்கள். முதல் வருஷம் கிளம்பும்போதே, 'சார், அடுத்த தடவை வர்றப்ப ஒரு போன் போடுங்க, அதே ரூம் எடுத்து வைக்கிறேன்' என்று சொல்லி நம்பரைக் கொடுத்திருந்தால் 150 மிச்சம். நாலு வருஷம் வந்தால்? ஒரு வாக்கியத்துக்கு இவ்வளவு சம்பளம் வேறெங்கே கிடைக்கும்?

சரி, ஆட்டோக்காரருக்கு ஒண்ணுமே செய்ய வேண்டாமா? வேணும். அவரைப் புரோக்கராகப் பார்க்காமல் கஸ்டமராகப் பாருங்கள். ஸ்டாண்டில் நிற்கிற ஒரு அண்ணன் மாசத்துக்கு இருபது நாள், வருஷத்தில் பத்து மாசம் உங்க கடையில் சாப்பிட்டால் 200 தடவை. 200 பதினைந்து, 3,000 ரூபாய். சீசனுக்கு வந்துபோகிற வெள்ளைக்காரரைவிட மூணு மடங்குக்கு மேல்! அவரைப் பிடிக்க ஆகிற செலவு? 'உக்காருண்ணே, ஒரு டீ சாப்பிட்டுப் போலாம்.' காலை ஆறு மணிக்குக் கடை திறந்திருந்தால் இன்னும் விசேஷம், சவாரிக்கு முன்னால் அவருக்குச் சாப்பிட இடம் வேணும். அவர் வயிறு நிறைந்து போகிற கடைக்கு, கேட்கிற பயணியைக் கமிஷன் இல்லாமலே கைகாட்டிவிடுவார்.

இப்படிக் காசே இல்லாத வேலைகள் இன்னும் சில இருக்கின்றன. கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்யப் பணம் கிடையாது. ஆனால் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதைச் சரியாகப் போடுங்கள். சமீப வருஷங்களில் ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து வருகிற பக்தர்கள் ரொம்பவே கூடியிருக்கிறார்கள். ஊருக்குள் எங்கே பார்த்தாலும் தெலுங்குப் பலகை. உங்க போர்டிலும் நாலு எழுத்து தெலுங்கில் எழுதப் பெயின்டருக்கு எவ்வளவு கேட்கப்போகிறார்?

தள்ளுபடி விஷயத்தில் மட்டும் உஷார். 'திறப்பு விழா சலுகை, எல்லாருக்கும் பாதி விலை' என்று போட்டால் கூட்டம் அம்மும். அதில் எப்படியும் வந்திருக்கக்கூடியவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு விட்டுக்கொடுத்த பாதியும் ஆள் பிடிக்கிற செலவுதான். ஆனால் எந்தக் கணக்கிலும் ஏறாது. 40 ரூபாய் பிளேட்டை 20-க்குக் கொடுத்தால் அடக்கத்திலேயே ஐந்து ரூபாய் கைநஷ்டம். அதைவிட மோசம், 20 ரூபாய்தான் இந்தக் கடை விலை என்று மனசில் பதிந்துவிடும். அப்புறம் 40 சொன்னால், 'என்னப்பா, போன வாரம்தானே...' என்பார்கள். ரங்கநாதன் செய்தது போல, யாருக்குக் கொடுத்தால் திரும்ப வருவாரோ அவருக்கு மட்டும் கொடுங்கள். பத்து தடவை சாப்பிட்டவருக்குப் பதினொன்றாவது பொங்கல் இலவசம். அட்டை எல்லாம் அச்சடிக்க வேண்டாம். உங்க ஞாபகத்தில் இருந்து எடுத்துக் கொடுத்தால் அதன் மதிப்பே தனி.

நாற்பது பக்க நோட்டு

இதெல்லாம் சரி, எது வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும்? ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். புதுமுகம் யார் வந்தாலும், காசு வாங்கும்போது ஒரே ஒரு கேள்வி: 'கடை எப்படித் தெரிஞ்சுதுங்க?' வீட்டுக்கார அக்கா, ஆட்டோ அண்ணன், மேப், பார்சல், நோட்டீஸ், சும்மா வழியில் பார்த்தேன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. கோடு போட்டுக்கொண்டே வாங்க. நோட்டீஸ் அடித்தே தீருவேன் என்று அடம்பிடித்தால், பஸ் ஸ்டாண்டுக்கு மஞ்சள் தாள், அக்னி லிங்கத்துக்குப் பச்சைத் தாள் என்று பிரித்து, 'கொண்டு வந்தால் ஒரு வடை இலவசம்' என்று போடுங்கள். எந்தக் கலர் திரும்பி வருகிறதோ அந்த இடத்தில் மட்டும் அடுத்த தடவை கொடுக்கலாம்.

முக்கியமான பத்தி அடுத்தது. 'இரண்டாவது தடவை வந்தாரா?' அந்த ஆள் மறுபடி தலை காட்டினால் பெயருக்கு நேரே ஒரு டிக். மாசக் கடைசியில் எந்த வழியாக வந்தவர்களுக்கு டிக் அதிகம் என்று பாருங்கள். செலவை மொத்தப் பேரால் வகுக்காமல், டிக் வாங்கினவர்களால் மட்டும் வகுத்துப் பாருங்கள். நோட்டீஸ் கணக்கில் நாற்பது பேரில் இரண்டு டிக் என்றால், ஒரு ஆளின் விலை 100 இல்லை, 2,000! இதைப் பார்த்த பிறகு யாரும் உங்களுக்கு எதுவும் சொல்லத் தேவையில்லை.

எந்தப் பத்தியிலும் டிக் விழவில்லையா? அப்போது பிரச்னை விளம்பரத்தில் இல்லை. கல்லாவை விட்டு எழுந்து போய் ஒரு இட்லியைச் சாப்பிட்டுப் பாருங்கள். சுமாரான டிபனுக்கு நல்ல விளம்பரம் செய்தால், அது சுமார் என்று ஊருக்குச் சீக்கிரம் தெரியும்!

ரமணாசிரமத்தையே பாருங்களேன். அதை வியாபாரத்தோடு ஒப்பிடவில்லை, ஒப்பிட்டால் மகாபாவம். ஜனம் எப்படி வந்தது என்பதை மட்டும் பார்ப்போம். பால் பிரண்டன் என்கிற இங்கிலீஷ் பத்திரிகையாளர் 1931 வாக்கில் வந்தார். எந்த போர்டையும் பார்த்து வரவில்லை. செங்கல்பட்டில் காஞ்சிப் பெரியவரைச் சந்தித்தபோது, அவர் இந்தத் திசையைக் காட்டினார். பிரண்டன் எழுதிய 'எ சர்ச் இன் சீக்ரெட் இந்தியா' 1934-ல் லண்டனில் வெளிவந்தது. அதைப் படித்தவர்கள் கடல் தாண்டி வந்தார்கள். 1938-ல் நாவலாசிரியர் சாமர்செட் மாம் வந்துபோனார். 1944-ல் வந்த அவருடைய 'தி ரேஸர்ஸ் எட்ஜ்' நாவலில் வருகிற சாமியாருக்கு இந்தச் சந்திப்புதான் விதை என்பார்கள். ரமணர் 1950 ஏப்ரல் 14-ல் சமாதியானார். கூட்டம் நிற்கவில்லை. வந்தவர் ஊருக்குப் போய் ஒருத்தரிடம் சொல்கிறார், அவர் வருகிறார். தொண்ணூறு வருஷமாக இப்படியே நடக்கிறது. உங்க தெருவில் அறை வாடகைக்கு விடுகிற அக்காவும், ஆட்டோ அண்ணனும், நாளைக்கு டிபன் கடை போடப்போகிற நீங்களும் அந்த வாய்வார்த்தையில்தான் பிழைக்கிறீர்கள்.

ஏப்ரல் வருது!

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. மார்ச் முடிந்து ஏப்ரல் பிறந்தால் அண்ணாமலை தகதகக்கும். அக்னி ஸ்தலம் இல்லையா! பாறை சூடேறி, ராத்திரி எட்டு மணிக்கும் அனல் அடிக்கும். வெளிநாட்டுக்காரர்கள் மூட்டை கட்டிவிடுவார்கள். சிலர் இமயமலைப் பக்கம், சிலர் சொந்த ஊருக்கு. வாடகை வீடுகளில் 'டு லெட்' போர்டு. சீசனை மட்டும் நம்பின கடைகளில் ஈ ஓட்டணும். வாடகை மட்டும் ஒண்ணாம் தேதி டாண் என்று வந்து நிற்கும். அடகுக் கடை வட்டிக்கும் வெயில், மழை கிடையாது.

நோட்டீஸ் கொடுத்து ஏமாந்தவர்கள் அளவுக்கே, வெள்ளைக்காரரை மட்டும் குறிவைத்து மெனு கார்டில் பான்கேக் எழுதினவர்களும் இங்கேதான் மாட்டுகிறார்கள். அதனால் நவம்பரில் கூட்டம் இருக்கும்போதே ஏப்ரல் ஆட்களைப் பிடிக்கத் தொடங்கணும். ஆட்டோ ஸ்டாண்ட், பக்கத்து பேங்க் ஊழியர்கள், பால் ஊற்றுகிறவர், மெடிக்கல் ஷாப் பையன், காலேஜ் பஸ்ஸுக்கு நிற்கிற உங்க ஜூனியர்கள். இவர்களுக்கு நாற்பது ரூபாய் பிளேட் கட்டாது என்றால் இருபது ரூபாய்க்கு இரண்டு இட்லி என்று ஒன்றைப் போர்டில் எழுதிவையுங்கள். தள்ளுபடி இல்லை இது, சின்னிகிருஷ்ணன் வழி. சின்ன பாக்கெட்!

இந்த ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு கிரிவலம் போகிற உத்தேசம் இருந்தால், ரமணாசிரமம் தாண்டும்போது பத்து நிமிஷம் ஓரமாக நில்லுங்கள். எந்தக் கடையில் கூட்டம் என்று பார்க்காதீர்கள். எந்தக் கடையில் ஆள் உட்காரும் முன்னாலேயே, கேட்காமலே, டம்ளர் வைக்கிறார்கள் என்று பாருங்கள். அந்தக் கடைக்காரரிடம் பேச்சுக் கொடுங்கள், சி.ஏ.சி. பற்றி உங்க புரொபசருக்குத் தெரியாததெல்லாம் அவர் சொல்லுவார்.

அப்புறம் அந்த நாற்பது பக்க நோட்டு. முதல் பக்கத்தைக் காலியாக விடுங்கள். அம்மா சங்கிலியின் அடகு ரசீதை அங்கேதான் ஒட்டணும்.